செந்நிறப் பொன்னும் சுவாச நோய் வைரஸ்களும்

பொன் என்றவுடன் மஞ்சள் நிறமே நம் மனத்தில் தோன்றும். ஆனால் அதே பொன்னை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால், அந்நீர் மஞ்சளாக இராது. மாதுளஞ் சாற்றைப் போன்ற செந்நிறத்துடன் விளங்கும். 2020-ஆம் ஆண்டு முதல் கோவிட் பரிசோதனை அட்டைகளில் நாம் கண்டு வந்த சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தப் பொன்னின் நிறமேயன்றிச் சாயத்தின் நிறமன்று. இன்புளுயன்சாவுக்கென்றும் வேறு சில சுவாச நோய்களுக்கென்றும் உள்ள அட்டைகள் பலவும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

கிராமத்தில் பணியாற்றும் சுகாதார ஊழியர் ஒருவர் அந்த அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதுகிறார். அவ்வொரு சொல்லைக் கொண்டு, காய்ச்சலுடன் வந்தவர் தனித்திருப்பதும், முதிய பெற்றோர் உள்ள வீட்டுக்குத் திரும்புவதும் தீர்மானமாகின்றன. ஆகையால், அந்தக் கோடு எவ்வாறு உண்டாகிறது என்பதை அவர் அறிந்திருத்தல் நலம். கோடு உண்டாகும் விதத்தை அறிந்தவருக்கே, அது உண்டாகாதபோது அதனை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

பொன் சிவப்பதேன்?

பொன்னின் செந்நிறம் பழங்காலத்திலேயே கண்ணாடித் தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கிண்ணம் ஒன்று, வெளியிலிருந்து ஒளி படும்போது பச்சையாகவும், உட்புறம் விளக்கை வைத்தால் சிவப்பாகவும் தோன்றும். அதன் கண்ணாடியில் பொன்னும் வெள்ளியும் நுண்துகள்களாகக் கலந்திருப்பதே காரணம். ஆயினும் காரணத்தை விஞ்ஞான முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே ஆவார். அவர் பொன் உப்பின் கரைசலைப் பாஸ்பரஸின் துணையால் சிதைத்துச் செந்நிறத் திரவம் ஒன்றைப் பெற்றார். அதிலுள்ளது பொன்னின் வேறொரு கூட்டுப்பொருளன்று, மிக நுண்ணியதாகப் பிரிந்த பொன்னே என்று 1857-இல் அறிவித்தார். அவர் தயாரித்த திரவங்களிற் சில லண்டன் ராயல் நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இத்தகைய துகள்கள் ஒளியை எவ்வாறு உட்கவர்ந்து சிதறடிக்கும் என்பதை 1908-இல் ஜெர்மானிய விஞ்ஞானி குஸ்தாவ் மீ கணித முறையில் நிறுவினார்.

கணிதத்தை விடுத்து, அதன் கருத்தை மட்டும் கூறுவோம். நீர் தளும்பும் குடத்தை இடுப்பில் ஏந்தி நடப்பவரைக் கவனியுங்கள். மெல்ல நடந்தால் நீர் சிந்துவதில்லை. நடை ஒரு குறிப்பிட்ட தாளத்தை எட்டும்போது மட்டும் நீர் முழுவதும் ஒன்றாக அலைந்து பெரிதும் தளும்புகிறது. பொன் துகளுக்குள் தடையின்றித் திரியும் எலெக்ட்ரான்கள் அக்குடத்து நீரை ஒத்தவை. ஒளியலை அவற்றை முன்னும் பின்னும் அசைக்கிறது. பச்சை ஒளியின், அதாவது ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியின், தாளத்தில் அவை பெரிதும் அலைகின்றன. ஆகவே அவ்வொளி துகளால் கவரப்படுகிறது. வெண்ணொளியில் பச்சை குறையவே, எஞ்சுவது நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றுகிறது. துகள்கள் ஒன்றையொன்று நெருங்கித் திரண்டால் இந்தத் தாளம் மாறிவிடும். அப்போது திரவம் ஊதாவாகவோ நீலமாகவோ மாறும்.

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீட்டர் ஆகும். குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'நானோ'. தமிழில் இதனை 'மீநுண்' என எழுதுவோரும் உளர். அது அழகிய சொல்லே. எனினும் பாடநூல்களில் 'நானோ' என்பதே வழக்கூன்றிவிட்டமையால் ஈண்டும் அதுவே கையாளப்படுகிறது.

கொரோனா வைரஸ் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். பரிசோதனை அட்டையிலுள்ள பொன் துகள் பொதுவாக 40 நானோமீட்டர். அத்துகளின்மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள் சுமார் 10 நானோமீட்டர். மாணவர்களுக்கு இதனை விளக்க விரும்பும் ஆசிரியர் வைரஸை 25 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பூசணிக்காயாகக் கொள்ளலாம். அப்போது பொன் துகள் ஒரு பெரிய சாத்துக்குடியாகவும், எதிர்ப்பொருள் ஒரு நெல்லிக்காயாகவும் இருக்கும். 75 மைக்ரான் தடிப்புள்ள தலைமயிர் அதே விகிதத்தில் ஏறத்தாழ 190 மீட்டர் தடிப்புள்ளதாகிவிடும்!

இவ்வளவு சிறியதாயினும், 40 நானோமீட்டர்த் துகள் ஒவ்வொன்றிலும் சுமார் 20 லட்சம் பொன் அணுக்கள் உள்ளன. ஒரு மில்லிகிராம் பொன்னிலிருந்து இத்தகைய துகள்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி கிடைக்கும். ஆகவே, பொன் விற்கும் விலையில் இப்பரிசோதனை கட்டுப்படியாகுமா என்ற ஐயத்துக்கு இடமில்லை.

இத்துகள்களைத் தயாரிக்க இன்றும் பெரிதும் கையாளப்படும் முறை, டர்கெவிச் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 1951-இல் வெளியிட்டதாகும். பொன் குளோரைடின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், வெளிறிய மஞ்சள் நிறம் மறைந்து, கருநீலம் தோன்றி, சில நிமிடங்களில் திரவம் சிவக்கும். சிட்ரேட்டின் அளவைக் கூட்டியும் குறைத்தும் துகளின் பருமனை மாற்றலாம் என்பதை 1973-இல் பிரென்ஸ் காட்டினார். துகள்கள் எதிர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதாலேயே பிரிந்து மிதக்கின்றன. அத்திரவத்தில் சிறிது கறியுப்பைக் கரைத்தால் அவ்விலக்கம் தளர்ந்து, துகள்கள் திரண்டு, சிவப்பு நீலமாக மாறும். கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளில் தக்க மேற்பார்வையுடன் இதனைச் செய்து காட்டலாம். பொன் குளோரைடு தோலை அரிக்கும் பொருளாதலால் பள்ளிக்கூடங்களுக்கு இது ஏற்றதன்று.

அட்டைக்குள் நிகழ்வது

எதிர்ப்பொருள் என்பது நம் உடல் அந்நியப் பொருள்களைப் பற்றிக்கொள்வதற்கென உண்டாக்கும் புரதம். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பொருளை மட்டுமே பற்றும்; அவ்வாறு பற்றப்படும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். பொன் துகளின்மேல் எதிர்ப்பொருளை ஒட்டவைத்து எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் காணும் முறையை 1971-இல் பாக், டெய்லர் ஆகிய இருவர் வெளியிட்டனர். 1980-இல் நெதர்லாந்து நாட்டில் லூவரிங் முதலியோர், இத்தகைய துகள்களின் நிறத்தைக் கொண்டே ஆன்டிஜெனை அளக்கலாம் எனக் காட்டினர். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கர்ப்பத்தை வீட்டிலேயே அறியும் பரிசோதனைப் பட்டை கடைகளுக்கு வந்துவிட்டது. கோவிட் அட்டை அதன் வழித்தோன்றலே.

மூக்கினுள் செலுத்தி எடுத்த பஞ்சுக் குச்சியை முதலில் ஒரு சிறு குழாயிலுள்ள கரைசலில் இட்டுச் சுழற்றுகிறோம். அக்கரைசலிலுள்ள சோப்புத் தன்மையுடைய பொருள் வைரஸின் கொழுப்புறையை உடைத்து, உள்ளேயிருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்னும் புரதத்தை வெளிப்படுத்துகிறது. வைரஸின் மேற்புறத்து முள்ளைத் தேடாமல் உட்புரதத்தைத் தேடுவதற்குத் தக்க காரணம் உண்டு. முள்ளின் அமைப்பு அடிக்கடி மாறுகிறது; உட்புரதம் அவ்வளவாக மாறுவதில்லை; மேலும் அது ஒவ்வொரு வைரஸிலும் ஏராளமாக உள்ளது.

கரைசலில் சில துளிகளை அட்டையின் குழியில் விட்டவுடன், அது உள்ளேயுள்ள பட்டையில் ஊறத் தொடங்குகிறது. வழியில் எதிர்ப்பொருள் சுமந்த பொன் துகள்கள் உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை விடுபட்டு, வைரஸ் புரதம் இருப்பின் அதனைப் பற்றிக்கொண்டு, நைட்ரோ செல்லுலோஸ் தாளின் வழியே முன்னேறுகின்றன. அகல்விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இவ்வியக்கம். வடிதாளின் ஒரு முனையில் மைப்புள்ளி இட்டு, அம்முனையின் அடியை நீரில் தோய்த்து, நீரும் மையும் மேலேறுவதைக் காட்டினால் எந்த வகுப்பு மாணவரும் இதனைப் புரிந்துகொள்வர்.

தாளின் நடுவே, கண்ணுக்குப் புலப்படாத இரு கோடுகளில் வேறு எதிர்ப்பொருள்கள் நிலையாக ஒட்டப்பட்டுள்ளன. முதற்கோட்டிலுள்ளது அதே வைரஸ் புரதத்தை மற்றொரு பக்கத்தில் பற்றும். ஆகவே ஒரு பக்கம் பொன் துகளும் மறுபக்கம் கோடுமாக, புரதம் இடையில் சிக்கிக்கொள்கிறது. இவ்வாறு துகள்கள் லட்சக்கணக்கில் ஓரிடத்தில் செறியும்போதுதான் அவ்விடம் சிவந்து தோன்றுகிறது. வைரஸ் புரதம் இல்லாவிடில் துகள்கள் அங்கே தங்காமல் கடந்துசெல்லும். இரண்டாவது கோடு வைரஸைப் பற்றுவதன்று. பொன் துகளின்மேலுள்ள எதிர்ப்பொருளையே பற்றுவது.

இந்த இரண்டாவது கோட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தோன்றிவிட்டால் பரிசோதனை முறையாக நடந்துவிட்டது எனப் பலர் கருதுகின்றனர். அது தெரிவிப்பன இரண்டே: திரவம் கடைசிவரை ஓடியது, பொன் துகள்கள் உடன் சென்றன. பஞ்சுக் குச்சி மூக்கினுள் தக்க ஆழம் சென்றதா, நாசித் துவாரத்தின் வாயிலைத் தொட்டதோடு நின்றதா என்பதை அது அறியாது. மூக்கிற் படாத குச்சியைக் கரைசலில் இட்டாலும் அக்கோடு குறையின்றித் தோன்றும். மாதிரியை எடுப்பவரின் கைத்திறனுக்கு அட்டையில் எவ்விதச் சாட்சியும் இல்லை என்பதை மறத்தலாகாது.

கோடு தோன்றாவிடில்

மேற்கூறியதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். அட்டை எதனையும் பெருக்குவதில்லை. குழாயில் எவ்வளவு புரதம் வந்ததோ அவ்வளவுக்கே பொன் கோட்டில் தங்கும். அது கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டாவிடில் அட்டை வெறுமையாகவே காணப்படும். ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையோ, வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றுக்கு ஒருமுறை இருமடங்காக்குகிறது. ஒரு பிரதி 30 சுற்றுகளில் ஏறத்தாழ 107 கோடியாகிவிடும். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. நோய் தொற்றிய தொடக்கத்திலும், உடல் தேறிவரும் நாட்களிலும் மூக்கில் வைரஸ் குறைவாதலால், பி.சி.ஆர். கண்டுபிடித்ததை அட்டை தவறவிடலாம். அறிகுறி தோன்றிய முதற்சில நாட்களில் வைரஸ் மிகுந்திருப்பதால் அட்டையும் நன்கு வேலை செய்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020 ஜூன் 14-இல் நம் நாட்டில் ஆன்டிஜென் அட்டையை உபயோகிக்க அறிவுரை வெளியிட்டபோது, அட்டையின் திறனையும் எண்களில் தந்தது. கவுன்சிலும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையமும் செய்த ஆய்வுகளில், நோயுற்றோரைக் கண்டறியும் உணர்திறன், வைரஸின் அளவுக்கேற்ப 50.6 முதல் 84 சதவீதமாக இருந்தது. நோயற்றோரை நோயற்றோர் எனச் சரியாகக் காட்டும் திறன் 99.3 முதல் 100 சதவீதம் இருந்தது. ஆகவே, கோடு தோன்றினால் நோய் உண்டு எனக் கொள்ளலாம் என்றும், அறிகுறி உள்ளவருக்குக் கோடு தோன்றாவிடில் பி.சி.ஆர். பரிசோதனை கட்டாயம் செய்தல் வேண்டும் என்றும் கவுன்சில் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம், இத்தகைய அட்டைகளுக்கு உணர்திறன் குறைந்தது 80 சதவீதமும், மற்றைய திறன் குறைந்தது 97 சதவீதமும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தது.

சதவீதம் என்று சொல்லும்போது அதன் பொருள் மனத்தில் பதிவதில்லை. ஒரு கணக்காகப் பார்ப்போம். அறிகுறியுடன் வந்த 100 பேரில் 30 பேருக்கு உண்மையில் நோய் உள்ளதெனக் கொள்வோம். உணர்திறன் 84 சதவீதமானால் 25 பேரை அட்டை காட்டும், ஐவர் தவறிவிடுவர். 50.6 சதவீதமானாலோ பதினைவர் தவறிவிடுவர். அந்தப் பதினைவரும் "இல்லை" என்ற சொல்லுடன் வீடு திரும்புகின்றனர். மறுபரிசோதனைக்கான அறிவுரை வெறும் அலுவலகச் சம்பிரதாயமன்று என்பதை இக்கணக்கு காட்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. நோய் அருகியுள்ள காலத்தில், அறிகுறியற்ற 1,000 பேரைப் பரிசோதித்தால் ஐவருக்கே நோய் இருக்கிறதெனக் கொள்வோம். அவர்களுள் நால்வரை அட்டை காட்டலாம். நோயற்ற 995 பேரில், 0.7 சதவீதப் பிழையால் ஏழு பேருக்கும் கோடு தோன்றலாம். கோடு தோன்றிய பதினொருவரில் நோயாளர் சிறுபான்மையினரே! கொள்ளைநோய் உச்சத்திலிருந்தபோது பொருத்தமாயிருந்த விதியை, நோய் தணிந்த காலத்தில் ஆராயாது பின்பற்றுதல் கூடாது என்பதே இக்கட்டுரையாளனின் கருத்து.

வெளித்தோற்றத்தில் இதனை ஒத்த வேறோர் அட்டையையும் இதனுடன் குழப்பலாகாது. அது விரல்நுனி இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைக் காட்டுவது. எதிர்ப்பொருள் பெரும்பாலும் நோய் தொடங்கி ஒரு வாரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே இரத்தத்தில் தென்படும்; ஆதலால் இன்று நோய் பரப்பக்கூடியவர் யார் என்பதற்கு அது விடையாகாது. 2020 ஏப்ரலில் இறக்குமதியான அவ்வகை அட்டைகள் சிலவற்றின் முடிவுகள் இடத்துக்கிடம் பெரிதும் வேறுபட்டமையால், அவற்றின் உபயோகத்தை நிறுத்துமாறு மாநிலங்களுக்கு அறிவிக்கப்பட்டது. அவற்றிலும் சிவப்புக் கோடு தருவது பொன்னே. பொன் எதனைச் சுமக்கிறது என்பதில்தான் வேற்றுமை.

பெருக்கியபின் பொன்னால் காணல்

பி.சி.ஆரின் கூர்மையையும் அட்டையின் எளிமையையும் இணைக்க முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழும். டில்லியில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஜீனோமிக்ஸ், ஒருங்கிணைந்த உயிரியல் நிலையத்தில் தேபஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி ஆகியோர் உருவாக்கிய 'பெலுடா' முறை இதற்கு ஒரு விடையாகும். சத்யஜித் ராயின் கதைகளில் வரும் துப்பறிவாளரின் பெயர் இது. இம்முறையில் வைரஸின் மரபுப் பொருள் முதலில் பெருக்கப்படுகிறது. பின்னர், அதில் குறித்த ஒரு வரிசையை மட்டும் அடையாளங்காணும் கேஸ்-9 என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொள்கிறது. அப்பிணைப்பு காகிதப் பட்டையில் ஏறிக் கோட்டில் தங்கும்போது, பொன் துகள்களே அதனைக் கண்ணுக்குக் காட்டுகின்றன. 2020 செப்டம்பரில் இதற்கு அரசின் அனுமதி கிடைத்தது. பெருக்கும் கருவியும் பயிற்சி பெற்றவரும் இதற்கும் தேவையாதலால், இது வீட்டு வாசலில் செய்யத்தக்க பரிசோதனையன்று. ஆயினும் விலையுயர்ந்த ஒளியளவைக் கருவி வேண்டியதில்லை என்பது பெரிய அனுகூலமாகும்.

துகள்கள் திரளும்போது நிறம் மாறும் இயல்பையும் விஞ்ஞானிகள் பயன்படுத்தியுள்ளனர். 1996-இல் அமெரிக்காவில் மிர்கின் முதலியோர், பொன் துகள்களில் டி.என்.ஏ. இழைகளை ஒட்டி, அவற்றுக்கு இணையான இழை வந்தால் துகள்கள் திரண்டு நிறம் மாறச் செய்தனர். அக்கருத்தின் வழியில் 2020-இல் மேரிலாந்தில் தீபாஞ்சன் பான் குழுவினர், கொரோனா வைரஸின் மரபுப் பொருள் இருந்தால் ஊதாத் திரவம் கருநீலமாக மாறும் முறையை வெளியிட்டனர். ஜப்பானிலோ, புகைப்படச் சுருள் தொழிலில் கற்ற வித்தையைக் கொண்டு, கோட்டில் தங்கிய பொன்னைச் சுற்றி வெள்ளியைப் படியவைத்து மங்கிய கோட்டைக் கருமையாக்கும் இன்புளுயன்சாப் பரிசோதனை வழக்கிற்கு வந்துள்ளது.

களத்தில்

கோட்டை எப்போது பார்ப்பது என்பதே களப்பணியாளர் அடிக்கடி கேட்கும் கேள்வி. 2020-இல் முதலில் அனுமதிக்கப்பட்ட அட்டைக்குப் பதினைந்தாம் நிமிடம் பார்த்தல் வேண்டும், முப்பது நிமிடத்துக்குமேல் பார்த்தலாகாது என விதிக்கப்பட்டது. மற்ற அட்டைகளுக்கு அவ்வவற்றின் குறிப்புத்தாளே பிரமாணம். உரிய நேரத்துக்கு முன் பார்த்தால், பொன் கோட்டில் சேர்ந்து முடிந்திராது. மிகத் தாமதித்தால், தாள் உலரும்போது திரவம் பின்வாங்கிப் பொன் துகள்கள் தவறான இடத்தில் படியக்கூடும். உரிய நேரத்துக்குள் தோன்றிய கோடு எவ்வளவு மங்கலாயினும் அது கோடே. நிறத்தின் அழுத்தம் போதாதென்று அதனைத் தள்ளுதல் கூடாது.

கரைசலுக்குப் பதிலாக நீரையோ வேறெதனையோ உபயோகிக்கலாமா எனச் சிலர் வினவுவதுண்டு. 2021-இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் சிலர், வகுப்புக்கு மட்டம் போடும் பொருட்டு ஆரஞ்சுச் சாற்றையும் கோலா பானத்தையும் அட்டையில் விட்டுப் பொய்யான சிவப்புக் கோட்டை வரவழைத்தனர். புளிப்புத் தன்மை மிகுந்தவுடன் எதிர்ப்பொருளின் வடிவம் கெட்டு, பொன் துகள்கள் வைரஸ் இல்லாமலேயே கோட்டில் ஒட்டிக்கொண்டன. புளிப்பும் காரமும் மாறாமல் நிலைநிறுத்துவதே அட்டையுடன் வரும் கரைசலின் முக்கியத் தொழில். துளிகளின் எண்ணிக்கையும் இவ்வாறே; கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரசாயன ஆசிரியர்களுக்கு இந்நிகழ்ச்சி நல்லதொரு பாடப்பொருள்.

நம் நாட்டின் கோடையை மனத்திற்கொண்டு ஒன்று கூறவேண்டும். மேற்குறித்த அட்டையை 2 முதல் 30 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைத்தல் வேண்டும் என்பது விதி. வெயிலில் நிறுத்திய வண்டியில் அவ்வெப்பம் எளிதில் கடக்கப்படும். பொன் துகளுக்கு வெப்பத்தால் பெரிய தீங்கு இல்லை. அதன்மேலுள்ள எதிர்ப்பொருள் புரதமாதலால் கெட்டுவிடும். அவ்வாறு பாதி கெட்ட அட்டையிலும் இரண்டாவது கோடு தோன்றக்கூடும். நோயாளரின் கோடு மட்டும் தோன்றாமற்போகும். உறையைப் பரிசோதனை நேரத்திலேயே பிரித்தல் வேண்டும். மழைக்காலத்தில் முன்கூட்டிப் பிரித்துவைத்த பட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, திரவத்தின் ஓட்டம் கெடும்.

பதிவேட்டில் "இல்லை" என்று மட்டும் எழுதும் வழக்கத்தை மாற்றுதல் பயன்தரும். அறிகுறி தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நேரம், கோட்டைப் பார்த்த நேரம், அட்டைப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது ஆகியவற்றையும் ஒரு வரியில் சேர்த்து எழுதிவிட்டால், மறுநாள் அதே நோயாளர் இருமலுடன் திரும்பி வரும்போது பி.சி.ஆருக்கு அனுப்புவதா, மீண்டும் ஓர் அட்டையைப் பிரிப்பதா என்பதை மருத்துவ அதிகாரி அவ்வரியைப் பார்த்தே தீர்மானிக்க இயலும்.